பதினோராம் எதிரி

கீழக்கரை, சங்கு குளிப்போர் சங்கக் கட்டிடம்.
காலை ஆறேகால்.
கைப்பற்றிய சொத்துகளுக்கு மகஜர் எழுதியவன்
நான், ஸ்டேஷன் ரைட்டர்.

பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று, மேண்டில் இல்லை.
சந்தா நோட்டு மூன்று.
சிவப்புத் துணி இரண்டேகால் முழம்.
மூளிச் சங்கு ஒரு சாக்கு, சர்க்கார் கழித்துப் போட்டது.
கழித்ததற்கும் கூலி கேட்டுத்தான்
இந்தப் பதினெட்டு நாள் வேலைநிறுத்தம்.
கண்ணாடி போட்ட படம் ஒன்று.

அங்கே பேனா நின்றது.

"யாருடா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.
தாடி இல்லை,
ஆகவே அவர் தேடிவந்த ஆள் இல்லை.
அகன்ற நெற்றி. தளர்ந்த கழுத்துப்பட்டி.
கையில் பாதி சுருட்டிய காகிதம்,
வாசித்துக்கொண்டிருந்தபோது யாரோ குறுக்கிட்டதுபோல் வாய்.
கிட்டப் போனால் முகமே கிடையாது.
கோடு, கோட்டின்மேல் கோடு,
செம்புத் தகட்டில் உளிமுனை உழுத உழவு.
கன்னத்து நிழலெல்லாம்
கண்ணி நெருக்கிய வலை.
இரண்டடி பின்வாங்கினால்
மறுபடி மனுஷன், நம்மையே பார்க்கிறான்.

மொகுதூம் நெய்னா விலங்கோடு சொன்னார்:
கொழும்புக் கல் கடையில் இருந்தபோது
ஒரு வியன்னாக்காரன் கொடுத்தது. நீலக்கல் வியாபாரி.
சண்டைக் காலத்தில் அவனை முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.
'என் பாட்டனுக்கு அண்ணன். வைத்திரு,
வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்றான்.
வரவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்தைய கலகமாம்.
ராஜாவின் பீரங்கிக்கு எதிரே
தெருக்கல்லைப் பெயர்த்து அடுக்கினார்களாம்.
இந்த ஆள் சபையில் எழுந்து கேட்டாராம்,
என் சனம் மட்டும் ஊருக்குள் நுழையக்
காசு கட்டுவது ஏன் என்று.
பனி விழுமுன் பட்டாளம் வந்துவிட்டது.
படம் அச்சாகி வந்த அன்று
படத்தில் இருந்தவர் ஊரில் இல்லை.

"கதை வேணாம். பேர்?"
வைஸ்ஃபெல்ட் என்றார் நெய்னா.
என் காதில் விழுந்ததை எழுதினேன்: வெயில்பட்டு.
தகப்பன் பேர், தெரியவில்லை.
சாதி?
"யஹூதி."
மூலையிலிருந்து கலுஞ்சியம், உதடு கிழிந்திருந்தது,
"யூதருங்கய்யா. எங்க ஏசு சாதி."
"அப்ப கிறிஸ்தவன்னு போடு."
போட்டேன்.
இருப்பிடம்: தலைமறைவு.

இப்படித்தான்
பத்துப் பேர் மேல் இருந்த வழக்கில்
செத்து எலும்பும் மக்கிப்போன ஒருவர்
பதினோராம் எதிரி ஆனார்.

ராமநாதபுரம் கோர்ட்டில் வாய்தா அன்று
டவாலி வராந்தாவில் நின்று மூன்று தரம் கூப்பிட்டான்.
வெயில்பட்டூ... வெயில்பட்டூ...
புளியமரத்தடியில் சர்பத் குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
வக்கீல் குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.
குளியாட்கள் பத்துப் பேரும் சிரிக்கவில்லை.
கடலுக்குள் போனவன் மேலே வரும்வரை
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே,
அப்படி நின்றார்கள்,
மூச்சை எண்ணிக்கொண்டு.

வழக்கு நிற்கவில்லை.
நெய்னாவுக்கு ஒன்பது மாதம், வேறு பிரிவில்.
நல்ல சங்குக்கு அரையணா ஏறியது. கழித்ததற்கு ஏறவில்லை.
சொத்துகளை அழிக்கும்படி உத்தரவு வந்தது.
துணியை எரித்தேன். நோட்டை எரித்தேன்.
மூளிச் சங்கைக் கடலிலேயே கொட்டச் சொன்னேன்.
படத்துக்கு நேரே
'கரையான் அரித்து நாசம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இருபத்தாறு வருஷ சர்வீஸில்
பொய் எவ்வளவோ எழுதியிருக்கிறேன்,
சொல்லித்தான் எழுதினேன்.
இதை யாரும் சொல்லவில்லை.

பதினோராம் எதிரி மேல் பிடிவாரண்ட் இன்னும் ரத்தாகவில்லை.
என் வீட்டு அரிசிக் குதிருக்குப் பின்னால் இருக்கிறார்.
அரிசி எடுக்கக் குனியும்போதெல்லாம்
அந்தக் காகிதத்தை
மேற்கொண்டு வாசிக்கப் போகிறார்போல் தோன்றும்.